காருக்கு மூச்சு கொடுத்த அனாதைச் சிறுவன்

(இரண்டாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. கவிதை நமக்கு வராது. தன்னம்பிக்கை பற்றிப் போன வருஷமே மூணு பேர் எழுதிவிட்டார்கள். கிரீஸ் கையை வைத்துக்கொண்டு கிரீஸைப் பற்றித்தானே எழுத முடியும்? அதனால் ஒரு மெக்கானிக்கின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் இறந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நம்ம ஒர்க்‌ஷாப் மூலையில் நிற்கிற அந்தப் பழைய வெள்ளைக் காரின் பானெட்டைத் தூக்கினால் அவர் அங்கேதான் இருக்கிறார்.

அந்தக் காரை மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் செல்ஃப் அடித்தால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். கிரவுண்டை நாலு சுற்று சுற்றிவந்து நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் ஆகாது. பேட்டரி இறங்கும் வரை அடித்தாலும் ஆகாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும்! ரெண்டு வாரம் இந்த நாடகம் நடந்தது. பிளக்கை மாத்தினோம், பேட்டரியைச் சார்ஜுக்குப் போட்டோம், தள்ளித் தள்ளித் தோள் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் எங்கள் ஒர்க்‌ஷாப் சார், பார்ட்டை மாத்துவதை நிறுத்துங்கடா, ஒவ்வொரு பார்ட்டும் எதுக்காக வந்தது என்று முதலில் தெரிஞ்சுக்கிட்டு வாங்க என்று சொல்லி லைப்ரரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே கிடைத்தவர்தான் வில்ஹெல்ம் மேபாக்.

பத்து வயதில் யாருமில்லை

மேபாக் என்றால் இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை உள்ள கார்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் கோடீஸ்வரர் வீட்டில் பிறக்கவில்லை. ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். வீட்டில் மொத்தம் ஐந்து ஆண் பிள்ளைகள். பிழைப்புக்காகக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்தது. 1854இல் அம்மா இறந்துபோனார். 1856இல் அப்பாவும் போய்விட்டார். பத்து வயதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

அப்போது ராய்ட்லிங்கன் என்ற ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்ற ஒரு பெரியவர் ஆதரவற்றவர்களுக்காக ஒரு இல்லம் நடத்திவந்தார். சோறு போட்டுவிட்டுச் சும்மா விடுகிற இல்லம் இல்லை அது. அதோடு சேர்ந்து ஒரு மெஷின் பட்டறையும் இருந்தது. பிள்ளைகள் அங்கே தொழில் கற்றுக்கொள்ளலாம். சிறுவன் மேபாக்கை அந்த இல்லம் ஏற்றுக்கொண்டது. பையனுக்குப் படம் வரைவதில் கை நன்றாக ஓடுகிறது என்பதைக் கவனித்து, பதினைந்து வயதில் டிராயிங் போர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பகலெல்லாம் பட்டறை வேலை. அது போக ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் கணக்கும் தனியாகப் படித்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

டைம்லர் என்ற அண்ணன்

அந்தப் பட்டறைக்கு மேனேஜராக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் காட்லீப் டைம்லர். 1865 வாக்கில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. டைம்லருக்கு மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். ஆள் கறார். பேச்சும் தெரியும், வியாபாரமும் தெரியும். மேபாக் அமைதியானவர், அவருக்குப் பென்சில்தான் வாய். இந்த இருவர் கூட்டணி டைம்லர் சாகும் வரை, முப்பத்தைந்து வருஷம் நீடித்தது! டைம்லர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மேபாக்கையும் கூடவே அழைத்துக்கொண்டார். 1869இல் கார்ல்ஸ்ரூ போனார்கள். 1872இல் டாய்ட்ஸ் என்ற கேஸ் என்ஜின் தொழிற்சாலைக்குப் போனார்கள். அடுத்த வருஷமே அங்கே டிசைன் பிரிவுக்கு மேபாக் தலைவராகிவிட்டார்.

டாய்ட்ஸ் என்றால் சாதாரண இடமில்லை. நாம் முதலாம் ஆண்டிலிருந்து மனப்பாடம் செய்கிற ஆட்டோ சைக்கிளின் ஆட்டோ, அதாவது நிக்கோலஸ் ஆட்டோ, அங்கேதான் இருந்தார். சக்‌ஷன், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட் என்ற நாலு ஸ்ட்ரோக் என்ஜின் 1876இல் அங்கே ஓடியது. அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்கிற அளவுக்கு வரைந்து சரிப்படுத்தியதில் மேபாக்கின் பங்கு பெரிது. ஆனால் அந்த என்ஜின் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. ஊர் கேஸ் குழாயில் கட்டிப்போட்ட மாடு மாதிரி! குழாயை விட்டு அதை அவிழ்த்து ரோட்டில் விடணும் என்றால், கையில் எடுத்துப்போகிற எரிபொருள் வேணும். அதாவது பெட்ரோல். பெட்ரோல் தண்ணீர் மாதிரி இருக்கிறது, என்ஜினுக்கு வேண்டியதோ காற்றோடு கலந்த ஆவி. இதைப் போட்டு அதை எப்படி வாங்குவது? மேபாக்கின் வாழ்நாள் கேள்வி இதுதான் எனலாம்.

கண்ணாடித் தோட்டத்துக்குள் பட்டறை

ஆட்டோவோடு ஒத்துவராமல் 1882இல் டைம்லர் டாய்ட்ஸை விட்டு வெளியே வந்தார். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் கான்ஸ்டாட் என்ற ஊரில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கி, செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டைப் பட்டறையாக மாற்றினார். மேபாக்கும் பின்னாலேயே வந்துவிட்டார். ராத்திரி பகலாக உள்ளே சுத்தியல் சத்தம். கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார், போலீஸ் வந்து பார்த்தால் உள்ளே வெறும் என்ஜின் என்று ஒரு கதை உண்டு.

1885இல் அந்தக் கண்ணாடி வீட்டிலிருந்து ஒரு சின்ன என்ஜின் வெளியே வந்தது. நின்ற வாக்கில் இருக்கும் ஒற்றை சிலிண்டர், 264 சி.சி., நிமிஷத்துக்கு 600 சுற்று, அரை குதிரைத்திறன். பார்ப்பதற்குப் பெரிய வீட்டுக் கடிகாரம் மாதிரி இருந்ததால் தாத்தா கடிகாரம் என்றே பெயர் வந்துவிட்டது. அதை மரச்சட்டத்தில் பூட்டி அந்த வருஷம் நவம்பரில் கான்ஸ்டாட்டிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்கு அதுதான் பாட்டி. அடுத்த வருஷமே ஒரு குதிரை வண்டியில் குதிரையைக் கழற்றிவிட்டு என்ஜினை வைத்தார்கள். அதே 1886இல்தான் கார்ல் பென்ஸும் தன் மூணு சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

குதிரை வண்டியில் என்ஜின் வைத்தால் போதும் என்பது டைம்லரின் போக்கு. மேபாக் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியும் என்ஜினும் ஒண்ணாகப் பிறக்கணும் என்று புதிதாகவே வரைந்தார். இரும்புச் சக்கரம், வி வடிவில் ரெண்டு சிலிண்டர், நாலு கியர். 1889 பாரீஸ் உலகக் கண்காட்சியில் அந்த வண்டி நின்றது.

இத்தனையிலும் பெட்ரோலை ஆவியாக்கியது எப்படி தெரியுமா? ஒரு பாத்திரத்தில் பெட்ரோல், அதன் வழியாகக் காற்று. போகிற காற்று ஆவியை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பாத்திரத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க மேபாக் ஒரு மிதவை வைத்திருந்தார். நாம் ஃப்ளோட் என்கிறோமே, அதேதான். ஆனால் இந்த முறையில் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும், கனமான பகுதி அடியில் தங்கிவிடும். குளிர்ந்தால் ஆவி வராது, சூடானால் அளவுக்கு மிஞ்சி வரும். வண்டி குலுங்கினால் கலவை மாறும். ஆக, சூட்டில் மக்கர் செய்கிற வியாதி காரோடு கூடவே பிறந்த வியாதி.

ஹோட்டல் ஹாலில் பிறந்த கார்ப்பரேட்டர்

1890 நவம்பரில் டைம்லரின் கம்பெனி பெரிய கம்பெனியாகப் பதிவானது. பணம் போட்டவர்கள் உள்ளே வந்தார்கள். பணம் வந்தால் என்ன நடக்கும்? அதுவரை எல்லாவற்றையும் வரைந்து கொடுத்த மேபாக்குக்கு அவர்கள் நீட்டிய ஒப்பந்தம் அவருடைய தகுதிக்குக் கீழே இருந்தது. 1891 பிப்ரவரியில் அவர் வெளியேறினார். வயது நாற்பத்தைந்து, மனைவி பிள்ளைகள் உண்டு, கையில் வேலையில்லை. வீட்டிலேயே போர்டைப் போட்டு வரைந்துகொண்டிருந்தார்.

டைம்லர் கைவிடவில்லை. 1892இல் கான்ஸ்டாட்டில் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் ஹாலை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். பன்னிரண்டு தொழிலாளிகள், ஐந்து பயிற்சிப் பையன்கள். கம்பெனியின் பெரிய ஆலை ஒரு பக்கம் திணறிக்கொண்டிருக்க, ஆட்டம் பாட்டம் நடந்த ஒரு ஹோட்டல் ஹாலில் இந்தச் சின்னக் கூட்டம் உலகத்தையே மாற்றுகிற வேலையைச் செய்தது.

அங்கேதான் 1893இல் தெளிப்பு முறைக் கார்ப்பரேட்டர் பிறந்தது. பெட்ரோல் தானாக ஆவியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், என்ஜினின் உறிஞ்சும் சக்தியாலேயே அதைத் தெளித்துவிடலாம் என்று மேபாக் கண்டுகொண்டார். ஃப்ளோட், பெட்ரோல் மட்டத்தை ஒரு சின்னக் குழாயின் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வைக்கும். பிஸ்டன் இறங்கும்போது காற்று வேகமாகப் போகும், அங்கே அழுத்தம் குறையும், குழாய் வாயிலிருந்து பெட்ரோல் பூந்தூறலாகப் பாயும். நாம் ஜெட், நாசில் என்று பரீட்சையில் படம் போட்டுப் பெயர் எழுதுகிறோமே, அதன் மூலம் இதுதான். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதே 1893இல் இதே மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேவை ஒண்ணாக இருந்தால் மூளைகளும் ஒரே இடத்தில் வந்து சேரும் போல.

புது கார்ப்பரேட்டரோடு ஃபீனிக்ஸ் என்ற ரெண்டு சிலிண்டர் என்ஜினும் அந்த ஹாலிலிருந்தே வந்தது. 1895இல் பாரீஸ் - போர்டோ - பாரீஸ் பந்தயத்தில் எமில் லெவஸ்ஸோர் ஃபீனிக்ஸ் என்ஜின் வைத்த வண்டியில் 1,178 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிஷத்தில் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். அதே வருஷம் டைம்லரும் மேபாக்கும் கம்பெனிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் அவமானப்பட்டுப் போனவர் தொழில்நுட்பத் தலைவராக உள்ளே வந்தார்.

தேனடையும் மெர்சிடிஸும்

1900ஆம் ஆண்டு மேபாக்குக்குக் கெட்டதும் நல்லதும் சேர்ந்து வந்த வருஷம். மார்ச் 6ஆம் தேதி டைம்லர் இறந்துபோனார். அதே மாதம் 30ஆம் தேதி பிரான்ஸில் நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்த மலைப் பந்தயத்தில் டைம்லர் கார் ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்தில் மாண்டார். கார் உயரம், கனம், குட்டையான வீல் பேஸ். அந்த ஊரில் கார் விற்றுவந்த எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி, தாழ்வாக, அகலமாக, லேசாக, அதிக சக்தியோடு ஒரு கார் செய்து கொடுங்கள், 36 கார் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை, காருக்குத் தன் மகள் மெர்சிடிஸின் பெயரை வைக்கணும். ஆமாம் நண்பர்களே, மெர்சிடிஸ் ஒரு பெண் குழந்தையின் பெயர்!

டைம்லர் இல்லாமல் மேபாக் தனியாக உட்கார்ந்து வரைந்த கார் அது. நாலு சிலிண்டர், 5.9 லிட்டர், 35 குதிரைத்திறன். முதல் கார் 1900 டிசம்பரிலேயே தயாரானது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் எல்லாரையும் ஓரங்கட்டியது. அதற்குப் பிறகு வந்த கார்களெல்லாம் அந்த உருவத்தில்தான் வந்தன. என்ஜின் முன்னால், அதற்கும் முன்னால் ரேடியேட்டர், அடியில் தாழ்வான சட்டம்.

அந்த ரேடியேட்டரைப் பற்றி ஒரு பாரா தனியாக எழுதணும். அதற்கு முன்னால் என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாகப் போகவிடுவார்கள். பந்தயக் காரன் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் சுமக்கணும். மேபாக் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 எடுத்து, தேனடை மாதிரி அடுக்கிப் பற்றவைத்தார். குழாய்களுக்குள் காற்று, குழாய்களுக்கு இடையில் தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன். முன்பு 18 லிட்டர் தண்ணீர் வேண்டியிருந்த இடத்தில் 9 லிட்டர் போதும் என்றாகிவிட்டது. சூட்டைக் கணக்கில் எடுத்து வெளியே அனுப்பிய முதல் ஆள் அவர்தான் எனலாம். பிரெஞ்சுக்காரர்கள் அவரை வடிவமைப்பாளர்களின் அரசன் என்றே அழைத்தார்கள்.

நம்ம வெள்ளைக் காருக்கு என்ன வியாதி?

இவ்வளவும் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேபாக் சூட்டை வெளியே தள்ள ரேடியேட்டரும் ஃபேனும் கொடுத்தார், என்ஜினை ஆஃப் பண்ணினால் அது ரெண்டும் என்ன செய்யும் என்று. அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது!

என்ஜினை நிறுத்தினதும் ஃபேன் நின்றுவிடும், தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். 80, 90 டிகிரியில் இருந்த பிளாக்கின் சூடும், அதைவிடப் பயங்கரமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடும் மேலே ஏறும். மேலே உட்கார்ந்திருப்பது யார்? கார்ப்பரேட்டர். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பிக்கும். ஓடும்போது புதுப் பெட்ரோலும் காற்றும் அதைக் குளிர வைத்தன. நின்ற பிறகு யாரும் இல்லை. அதனால் நிறுத்தி பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள்தான் தகராறு. உடனே அடித்தால் ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேரம் கழித்து அடித்தாலும் ஆகும். நடுவில்தான் ஆகாது.

ஆனால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாததெல்லாம் பெட்ரோல் கோளாறு என்று முடிவு கட்டக்கூடாது. காயிலும் கண்டென்சரும்கூடச் சூட்டில் படுத்துவிட்டு, ஆறினதும் எழுந்து உட்காரும். அதனால் வியாதி இருக்கிற நேரத்திலேயே நாடி பிடிக்கணும். ஆறின பிறகு ஆராய்ச்சி செய்தால் எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் காட்டும். ரெண்டு வாரமாக நாங்கள் செய்த தப்பு அதுதான். சார் சொல்லிக் கொடுத்த வரிசையை உங்களுக்கும் கொடுக்கிறேன்.

முதலில் செல்ஃப் சுற்றுகிற வேகத்தைக் கேளுங்கள். சூட்டில் மட்டும் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரி, எர்த் வயர், செல்ஃப் மோட்டார், இல்லாவிட்டால் டைமிங் ரொம்ப அட்வான்ஸ். கார்ப்பரேட்டரைத் தொடவே வேண்டாம்.

நல்லா சுற்றுகிறதா? அடுத்து ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு பாடியில் எர்த் ஆகும்படி வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். கார்ப்பரேட்டரிலிருந்து தள்ளி வைத்துச் செய்யணும். பானெட்டுக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும் நேரம் அது, விளையாட்டு வேண்டாம். பளிச்சென்று நீலமாக வந்தால் இக்னிஷன் சரி. மஞ்சளாக மினுக்கினால், அல்லது வரவே இல்லை என்றால், காயில், கண்டென்சர், பாயிண்ட் பக்கம் போங்கள்.

ஸ்பார்க் நல்லா இருந்தால் ஏர் கிளீனரைக் கழற்றி, என்ஜின் நின்றிருக்கும்போதே கார்ப்பரேட்டர் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வரக்கூடாது. ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்தினால் பம்ப் ஜெட்டிலிருந்து பெட்ரோல் கோடாகப் பாயணும். பாயவில்லை என்றால் ஃப்ளோட் சேம்பர் காலி. பெட்ரோல் கொதித்துப் போயிருக்கும், அல்லது ஏசி பம்ப்பிலோ பைப்பிலோ ஆவி அடைத்து பெட்ரோல் ஏறாமல் இருக்கும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான். அந்தக் காலத்து வாடகைக் கார்க்காரர்கள் ஏசி பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்திருந்ததன் ரகசியம் இப்போது புரிகிறதா? துணி பம்ப்புக்கும் பைப்புக்கும் மட்டும்தான். சூடான பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விட்டுவிடும்.

ஆக்சிலேட்டரைத் தொடாமலே நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா, வாடை குப்பென்று அடிக்கிறதா, பிளக் கறுப்பாக நனைந்திருக்கிறதா? அப்படியானால் நேர் எதிர்க் கோளாறு. கொதித்த பெட்ரோல் ஜெட் வழியாக வழிந்து மேனிஃபோல்டை நிரப்பிவிட்டது. இந்த நேரத்தில் சோக்கை இழுக்கக்கூடாது, ஆக்சிலேட்டரைப் பொசுக்குப் பொசுக்கென்று மிதிக்கக்கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றும். பெடலைக் கடைசி வரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். உள்ளே காற்று நிறையப் போய், தேங்கினதை வெளியே தள்ளிவிடும்.

நம்ம காரில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் ரெண்டு வாரமாகச் சோக்கை இழுத்து, பெடலை மிதித்து, மூழ்குகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்! பெடலை முழுசாக அழுத்திப் பிடித்து அடித்ததும் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு அடித்த விசில் பிரின்சிபால் ரூம் வரை கேட்டிருக்கும்.

ஆனால் ஸ்டார்ட் ஆனால் போதுமா? ஏன் கொதிக்கிறது என்று பார்க்கணுமே. கார்ப்பரேட்டரைப் பிடித்திருந்த நட்டுகளைக் கழற்றும்போது என் கூட்டாளி ஒன்றைக் கவனித்தான். ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் மூணு வாஷர். ஸ்டட் ஏன் இவ்வளவு நீளமாக நிற்கிறது? ஏதோ ஒரு கனமான பொருள் அங்கே இருந்து காணாமல் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்! மேனிஃபோல்டுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கிற பேக்கலைட் கட்டை இருக்கணும். யாரோ எப்போதோ அதை எடுத்துவிட்டு வெறும் பேக்கிங் பேப்பரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கட்டையைத் தேடி வாங்கிப் போட்டோம், புது கேஸ்கட் வைத்தோம். ஃப்ளோட் மட்டமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அதையும் மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்தோம். இப்போது டீ குடித்துவிட்டு வந்து அடித்துப் பாருங்கள். தள்ளுவதற்கு ஆள் தேவையில்லை.

கடைசிக் காலம்

மேபாக்குக்கு வருவோம். அரசன் என்று ஊரே கொண்டாடினாலும் டைம்லர் இல்லாத கம்பெனியில் அவருக்கு ஆதரவாகப் பேச ஆளில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். 1907இல், 61ஆவது வயதில், ரெண்டாவது தடவையாக வெளியேறினார். இந்தத் தடவை ஹால் பிடித்துக் கொடுக்க அண்ணன் இல்லை.

1908 ஆகஸ்ட் 5ஆம் தேதி எக்டர்டிங்கன் என்ற இடத்தில், கவுண்ட் செப்பலினின் ஆகாயக் கப்பல் என்ஜின் கோளாறால் இறங்கி நின்றபோது, காற்றில் அறுத்துக்கொண்டு எரிந்து போனது. மேபாக் செப்பலினைத் தொடர்பு கொண்டு, தன் மகன் கார்ல் வடிவமைத்த நல்ல என்ஜின் இருக்கிறது என்று தெரிவித்தார். 1909இல் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியது. கார்ல் அதன் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார், அப்பா பக்கத்தில் இருந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் விமான என்ஜின் செய்யத் தடை வந்ததும் கார்ல் கார் செய்ய இறங்கினார். 1921இல் வந்த அந்தக் கார்தான் மேபாக் என்ற பெயரைத் தாங்கிய முதல் கார். இன்றைக்கு நாம் போஸ்டரில் பார்க்கிற பெயர், அப்பா பெயரைப் பிள்ளை காப்பாற்றியதால் வந்த பெயர்.

1916இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்காத, அனாதை இல்லத்துப் பட்டறையில் கோடு போடக் கற்றுக்கொண்ட மனிதருக்கு! 1929 டிசம்பர் 29ஆம் தேதி, 83 வயதில் மேபாக் காலமானார். கான்ஸ்டாட்டில் டைம்லர் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் இருக்கிறார்.

எதற்காக எழுதினேன்?

புதுக் கார்களில் கார்ப்பரேட்டர் கிடையாதே, 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் டூவீலரிலும் பெரும்பாலும் போய்விட்டதே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். இன்ஜெக்டரும் பெட்ரோலைத் தெளிக்கத்தான் செய்கிறது. வியாதி இருக்கிற நேரத்திலேயே பார்க்கணும் என்பதும் ஸ்கேனர் வந்ததால் மாறிவிடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பாதியில் புத்தகத்தை மூடினேன் என்றேனே, அது இதுதான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் மட்டும்தான். அப்பா தறி ஓட்டுகிறார். நான் மினி டிராஃப்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் அது என்ன ஆயுதம் என்று தெருவில் கேட்பார்கள். அப்பாவுக்குப் பெருமை, ஆனால் அவருக்கும் பதில் தெரியாது. முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங்கில் எனக்கு அரியர் விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை. நமக்கு இந்தக் கோடெல்லாம் வராது, ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். டி.சி. கேட்கக் கடிதம்கூட எழுதி நோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சார் லைப்ரரிக்கு அனுப்பினார். பத்து வயதில் யாருமில்லாத ஒரு பையனிடம் டிராயிங் போர்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று படித்தேன்.

அந்தக் கார் ஸ்டார்ட் ஆன அன்று ராத்திரி அப்பாவிடம் அரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. டிராஃப்டரை எடுத்துவரச் சொல்லி, அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார். சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் அந்தக் கார்ப்பரேட்டரையே வெட்டுத் தோற்றமாக வரைந்து, ஃப்ளோட் எது, ஜெட் எது என்று காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஊடுநூல் ஒரே இழுப்பில் போகணும் என்றால் தறியிலும் இப்படித்தான் ஒரு மட்டம் வைத்திருப்போம் என்று காட்டிக்கொடுத்தார். அது எனக்குத் தெரியாத சங்கதி.

ஏப்ரலில் அரியர் பேப்பர் எழுதுகிறேன். யாருக்காவது டிராயிங்கில் தகராறு இருந்தால் சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பக்கம் வாருங்கள், சேர்ந்து போடுவோம். வெள்ளைக் காரும் அங்கேதான் நிற்கும்.